மனநலம், போதை ஆய்வுகளில் புள்ளியியல்: கேள்வி பதில்

கேள்வி: குடிப்பழக்க சிகிச்சை ஆய்வுக்கு 100 பேரைச் சேர்த்தேன். ஆறாவது மாதம் 60 பேர்தான் வந்தார்கள். அவர்களில் 45 பேர் குடியை விட்டிருக்கிறார்கள். வெற்றி 75 சதவீதம் என்று எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள். வராத 40 பேரைப் பற்றித்தான் நீங்கள் முதலில் கவலைப்பட வேண்டும். மறுபடி குடிக்கத் தொடங்கியதாலேயே பலர் வராமல் இருந்திருக்கலாம். நீங்கள் அளக்க வந்த விஷயமே ஆளை உங்கள் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. புகையை நிறுத்தும் ஆய்வுகளில், வராதவர்களைப் புகைப்பவர்களாகவே எண்ணும் வழக்கம் உண்டு. அப்படி எண்ணினால் உங்கள் 75 சதவீதம் 45 ஆகிவிடும். அதுவும் முடிந்த முடிவு இல்லை. இரண்டு சிகிச்சைப் பிரிவுகளை ஒப்பிடும்போது, ஒன்றில் மட்டும் அதிகம் பேர் விலகியிருந்தால் ஒப்பீடே சாய்ந்துவிடும். வெவ்வேறு அனுமானங்களில் கணக்கிட்டு, முடிவு எவ்வளவு மாறுகிறது என்று காட்டுங்கள். அடுத்த ஆய்வில், சேர்க்கும் அன்றே நெருங்கியவர் ஒருவரின் தொலைபேசி எண்ணை அவர்கள் சம்மதத்தோடு வாங்கி வையுங்கள். எந்த மென்பொருளும் அதற்கு ஈடாகாது.

கேள்வி: மாதத்தில் குடித்த நாட்களை, இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-டெஸ்ட் போட்டுப் பார்க்கலாமா?

பதில்: முதலில் வரைபடம் போட்டுப் பாருங்கள். பூஜ்யத்தில் ஒரு குவியல், 30-இல் இன்னொன்று இருக்கும். சராசரி 12 என்று வரும். ஆனால் 12 நாள் குடிப்பவர் ஒருவர்கூட இல்லாமல் போகலாம். குடித்தாரா, குடித்தால் எத்தனை நாள் என்று இரண்டாகப் பிரிக்கும் ஹர்டில் மாடல் இதற்குப் பொருந்தும்.

கேள்வி: மாத்திரை தராத குழுவிலும் மனச்சோர்வு மதிப்பெண் குறைகிறதே?

பதில்: குறையத்தான் செய்யும். நிலைமை மிக மோசமாக இருக்கும்போதுதான் ஆட்கள் சிகிச்சைக்கு வருகிறார்கள். அப்புறம் ஓரளவு தானாகவே இறங்கும். ஒப்பீட்டுக் குழு இல்லாமல் மருந்தின் பலனைச் சொல்லவே முடியாது.

கேள்வி: வார்டில் வேலை செய்கிறேன். அதே முகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. போதையிலிருந்து யாருமே மீள்வதில்லையா?

பதில்: மீள்கிறார்கள். மீண்டவர் வார்டுக்கு வருவதில்லை, அவ்வளவுதான். நீண்ட காலம் நோயில் இருப்பவரே எந்த நாளிலும் கண்ணில் படுவார். ஆய்வாளர்கள் பாட்ரிசியா கோஹனும் ஜேக்கப் கோஹனும் 1984-இல் இதை மருத்துவரின் மாயை என்று விளக்கினார்கள். வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையாகித் திரும்பிய அமெரிக்க வீரர்களை ஆய்வாளர் லீ ராபின்ஸ் பின்தொடர்ந்தபோது, முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். அவர் சிகிச்சை மையங்களில் ஆள் தேடவில்லை; ஊர் திரும்பியவர்களின் பட்டியலிலிருந்து எடுத்தார்.