அட்டை எப்போது வரும்? ஹாம் ரேடியோ கேள்வி-பதில்

காரைக்குடிப் பக்கத்து ஹாம் நண்பர்கள், அதாவது பொழுதுபோக்காக வானொலியில் பேசுகிறவர்கள், கேட்டவற்றில் கியூஎஸ்எல் அட்டை (பேசியதை உறுதிசெய்து ஒருவருக்கொருவர் அனுப்பும் அட்டை) பற்றிய கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். அட்டை பிரிப்பதில் நானும் ஒரு கை என்பதால் பதிலில் கொஞ்சம் புலம்பலும் இருக்கும்.

ஜப்பான் நிலையத்தோடு பேசி ஒன்றரை வருடம் ஆகிறது. அட்டை தொலைந்துவிட்டதா? (தேவகோட்டை)

தொலைந்திருக்காது. அவர் அட்டையைத் தன் நாட்டு பியூரோவுக்கு, அதாவது அட்டைகளைச் சேர்த்து நாடு வாரியாகக் கட்டி அனுப்பும் இடத்துக்கு, அனுப்புவார். இந்தியாவுக்கான கட்டு தபால் செலவுக்குக் கட்டுப்படியாகும் அளவு சேரும்வரை அது அங்கேயே கிடக்கும். இங்கே வந்த பிறகு மறுபடி பிரிக்க வேண்டும். மூன்று வருடம் கழித்து வந்த அட்டையெல்லாம் என்னிடம் இருக்கிறது. அவசரம் என்றால் சுயவிலாசமிட்ட உறையும் திரும்பு தபாலுக்குப் பணமும் வைத்து நேராக அவருக்கே எழுதுங்கள். அப்புறம், பியூரோ பொதுவாக உறுப்பினர்களுக்கான சேவை. உங்கள் சந்தா நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எப்படித்தான் பிரிக்கிறீர்கள்? (கானாடுகாத்தான்)

எங்கள் வீட்டு வளவில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. ஒரு கல்லுக்கு ஒரு நாடு, அவ்வளவுதான் ஏற்பாடு. மின்விசிறி போடக் கூடாது, பிள்ளைகள் ஓடக் கூடாது.

வெளிநாடு போகும் அட்டைகளை அழைப்புக்குறியின் (ஒவ்வொரு ஹாமுக்கும் உரிய அடையாளக் குறி) முன்னெழுத்தை வைத்துப் பிரிப்போம். ஜே.ஏ. ஜப்பான், டி.எல். ஜெர்மனி, 4எஸ்7 இலங்கை, 9எம்2 மேற்கு மலேசியா, எக்ஸ்.இசட். மியான்மர். கடைசி மூன்றையும் எடுக்கும்போது, கொண்டுவிற்கப் போனவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்கள் நினைவுக்கு வரும். உள்ளே வருபவற்றை வி.யு.2, வி.யு.3 என்ற இந்திய முன்னெழுத்துகளின்படி முதலில் ஒதுக்கி, பின்னெழுத்தின் அகரவரிசையில் அடுக்குவோம்.

வழுக்கும் இடங்கள் இரண்டு. ஒருவர் இலங்கைக்குப் போய் 4எஸ்7 சாய்கோடு போட்டுத் தன் வி.யு.2 குறியில் பேசியிருப்பார். அந்த அட்டை பெரும்பாலும் இலங்கைக்கு அல்ல, இந்தியாவுக்குத்தான் வர வேண்டும். இன்னொன்று மேலாளர். தீவுப் பயணம் போகிறவர்கள் பலர் அட்டை வேலையை வேறு நாட்டு நண்பரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். ‘வழி’ என்று எழுதி அந்த மேலாளரின் குறியைப் போட்டால், அதுதான் கணக்கு. அதைப் பொடி எழுத்தில் மூலையில் எழுதினால், விளக்கடியில் பிடித்துப் பார்க்கிறவன் நான்தான். தயவுசெய்து அழைப்புக்குறியைப் பெரிதாக, அட்டையின் மேல்பக்கம் எழுதுங்கள்.

‘லாக்கில் (பேசியதைக் குறித்துவைக்கும் புத்தகம்) இல்லை’ என்று அட்டை திரும்பி வந்தது. நான் பேசியது உண்மை! (புதுவயல்)

நம்புகிறேன். நேரத்தை இந்திய நேரத்தில் எழுதியிருப்பீர்கள். அட்டையில் உலகப் பொது நேரமான யு.டி.சி.தான் வேண்டும். அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். 5-ஆம் தேதி விடிகாலை 3 மணிக்குப் பேசினால், அட்டையில் 4-ஆம் தேதி 21:30 என்று வர வேண்டும். நேரத்தைச் சரியாக மாற்றிவிட்டுத் தேதியை மறப்பவர்கள்தான் அதிகம். நானே ஒரு கட்டு முழுக்க அப்படி அனுப்பி அசடு வழிந்திருக்கிறேன்.

அட்டையை என்ன அளவில் அச்சடிப்பது? (பள்ளத்தூர்)

14 செ.மீ.க்கு 9 செ.மீ. லேமினேஷன் வேண்டாம், கட்டு வழுக்கும். உங்கள் வீட்டு முகப்பின் படம் போட்டால் வெளிநாட்டார் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள்.

இணையத்தில் உறுதி செய்தால் போதாதா? (கோட்டையூர்)

நூறு நாடுகளோடு பேசியதற்கான டி.எக்ஸ்.சி.சி. விருதுக்குப் போதும். 2003-இல் தொடங்கிய லாக்புக் ஆஃப் தி வேர்ல்ட் என்ற இணையப் பதிவை ஏற்கிறார்கள். எனக்கு அட்டை வேண்டும். அது என் பைத்தியம்.

அப்பச்சி காலமாகி ஒரு வருடம். அவர் பெயருக்கு இன்னும் அட்டைகள் வருகின்றன. என்ன செய்வது? (காரைக்குடி)

முதலில் பியூரோவுக்கு ஒரு கடிதம் எழுதித் தெரிவியுங்கள். காலமான ஹாமை நாங்கள் ‘சைலண்ட் கீ’ என்போம். தந்தி அடிக்கும் மோர்ஸ் சாவி ஓய்ந்தது என்று பொருள். தகவல் தெரியாவிட்டால் அந்தக் குறிக்குக் கட்டு சேர்ந்துகொண்டே இருக்கும். வந்தவற்றைத் தூக்கிப் போடாதீர்கள், அம்மா. அவருடைய லாக் புத்தகம் பெட்டகத்தில் இருந்தால், தேதியும் நேரமும் ஒத்துப் போகிறவர்களுக்கு அவர் அச்சடித்து மிச்சமிருக்கும் அட்டையிலேயே பதில் அனுப்பலாம், அவர் காலமான செய்தியையும் ஒரு வரி எழுதி. நிரப்பத் தெரியாவிட்டால் புத்தகத்தோடு வாருங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முடித்துவிடலாம்.