திரையைப் பார்க்கும் மாணவரை ஆங்கிலம் பேச வைப்பது எப்படி?

கேள்வி: வடசென்னையில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். தமிழ் வழியில் படிக்கும் மாணவர்கள் நாற்பது பேர். வகுப்பில் ஸ்மார்ட் போர்டு இருக்கிறது. வீட்டில் பெரும்பாலோருக்கு அப்பா அல்லது அம்மாவின் கைப்பேசி மாலையில் சிறிது நேரம் கிடைக்கும். யூடியூபில் உள்ள ஆங்கிலப் பாடக் காணொளிகளை வாரந்தோறும் போட்டுக் காட்டுகிறேன். ஆர்வமாகப் பார்க்கிறார்கள், ஆனால் முடிந்தபின் ஒரு கேள்வி கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. எந்தச் செயலியைப் பயன்படுத்தினால் பலன் கிடைக்கும்?

பதில்: செயலியைத் தேடுவதற்கு முன், காணொளியைக் கையாளும் விதத்தை மாற்றிப் பாருங்கள். ஒரு காணொளியை முழுவதும் ஓடவிட்டுப் பிறகு கேள்வி கேட்பது, பார்த்தது நினைவில் இருக்கிறதா என்று சோதிப்பதாகுமே தவிர, கேட்ட மொழியைப் பேசக் கற்றுத் தருவதாகாது. கனடாவில் பிரெஞ்சு வழியில் படித்த, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகள், ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சைக் கேட்டுப் புரிந்துகொண்டும் பேச்சிலும் எழுத்திலும் பின்தங்கியிருந்ததைக் கவனித்த மெரில் ஸ்வெய்ன் என்ற மொழியியலாளர், கேட்பது மட்டும் போதாது, மாணவரே வாக்கியத்தை உருவாக்கிச் சொல்ல வேண்டும் என்று 1985இல் வாதிட்டார். உங்கள் வகுப்பில் நடப்பதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் நீளத்தைக் குறையுங்கள். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அந்தத் துண்டை முதலில் ஒலியில்லாமல் காட்டி, அங்கே இருப்பவர்கள் என்ன பேசிக்கொள்வார்கள் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். இந்தக் கட்டத்தில் தமிழில் பதில் வந்தால் தடுக்க வேண்டாம். அடுத்து ஒலியோடும், அதற்கடுத்து ஆங்கில சப்டைட்டிலோடும் காட்டிவிட்டு, கடைசியாக ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் நிறுத்தி, வகுப்பு முழுவதையும் சேர்ந்து சொல்லவையுங்கள். பேச்சு வேகமாக இருந்தால் யூடியூபில் வேகத்தை 0.75 ஆகக் குறைக்கலாம். அதற்கும் கீழே போனால் ஒலி இழுபட்டு, இயல்பான உச்சரிப்பே கெட்டுவிடும். தமிழ் சப்டைட்டில் கூடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் கண் தமிழைப் படிக்கத் தொடங்கியதும் காது ஆங்கிலத்தை விட்டுவிடும். அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரி, எழுத்தறிவு குறைந்தவர்களின் வாசிப்புக்காக, திரைப்பாடலின் வரிகளைப் பாடும் மொழியிலேயே தொலைக்காட்சியில் ஓடவிடும் முறையை 1990களில் முன்வைத்தார். ஒலியும் எழுத்தும் ஒரே மொழியில் சேர்ந்து வர வேண்டும் என்ற அதே அடிப்படை இங்கும் பொருந்தும். தானாக உருவாகும் சப்டைட்டில்களில் பிழைகள் வரும் என்பதால், அவற்றை முன்கூட்டியே ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

காணொளிதான் வேண்டும் என்பதும் இல்லை. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்டபின், வடசென்னைப் பிள்ளைகளுக்கு அதன் அறிவிப்புகள் பழக்கமாகிவிட்டன. அடுத்த நிலையம் எது, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பவை தமிழிலும் ஆங்கிலத்திலும் தெளிவாக, திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. தொடக்க நிலை மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான கேட்புப் பயிற்சி எளிதில் அமையாது. ஓர் அறிவிப்பைக் கைப்பேசியில் பதிவு செய்து வரச் சொல்லி, வகுப்பில் எழுதவைத்து, பிறகு அதே அமைப்பில் நூலகம், சத்துணவுக் கூடம், விளையாட்டுத் திடல் ஆகியவற்றை நிலையங்களாகக் கொண்டு பள்ளிக்கென ஓர் அறிவிப்பைக் குழுக்களாக உருவாக்கச் சொல்லுங்கள். வாக்கிய அமைப்பு கையில் இருப்பதால், தவறிவிடுவோமோ என்ற அச்சம் பெருமளவு குறையும்.

அடுத்து வருவது குரல் பதிவு. நான் எல்லாவற்றிலும் மேலாக நம்புவது இதைத்தான். நாற்பது பேர் முன்னால் எழுந்து பேசக் கூசும் பிள்ளை, வீட்டில் தனியாக அமர்ந்து, பிடிக்காததை அழித்து, மறுபடி பேசி, திருப்தியானதை மட்டும் அனுப்பும். அப்படி அழித்துப் பேசும் ஒவ்வொரு முறையும் அது பயிற்சி பெறுகிறது. ஆசிரியர் கூட இருந்து வாங்க முடியாத பயிற்சி அது. பார்த்த காட்சியைப் பற்றி அரை நிமிடம் பேசி வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். நாளொன்றுக்கு எட்டுப் பேர் என்று பிரித்துக்கொண்டால் கேட்பதற்கு நான்கு நிமிடம் போதும். ஐந்து நாளில் நாற்பது பேரும் வந்துவிடுவார்கள். பதிலையும் குரலிலேயே அனுப்புங்கள். நன்றாக வந்த ஒன்றைச் சொல்லி, ஒரே ஒரு திருத்தம் மட்டும் கொடுங்கள். ஐந்து பிழைகளைச் சுட்டினால் அடுத்த வாரம் பதிவு வராது.

எதைத் திருத்துவது என்றால், சொல்லழுத்தத்திலிருந்து தொடங்கலாம். தமிழில் அழுத்தம் சொல்லின் பொருளை மாற்றுவதில்லை என்பதால் நம் காதுக்கு அது எளிதில் பிடிபடுவதில்லை. போலீஸ், ஹோட்டல் என்று நாம் அன்றாடம் புழங்கும் சொற்களில் முதல் அசையை அழுத்துகிறோம். ஆங்கிலத்தில் இரண்டிலும் அழுத்தம் இரண்டாம் அசைக்கு உரியது. மாணவர் தம் பதிவையும் காணொளியில் வரும் குரலையும் அடுத்தடுத்துக் கேட்டால் இந்த வேறுபாடு அவர்களுக்கே புலப்படும். ஃபேன் என்பது பேன் ஆகிவிடுவது போன்ற ஒலிக் குழப்பங்களுக்குக் கைப்பேசி விசைப்பலகையில் உள்ள குரல்வழித் தட்டச்சு உதவும். இந்திய ஆங்கிலம் என்று அமைத்துக்கொண்டு அந்தச் சொல்லைத் தனியாகச் சொன்னால், என்ன எழுதுகிறது என்று உடனே பார்க்கலாம். முழு வாக்கியத்தில் அது சூழலை வைத்து ஊகித்துச் சரியாக எழுதிவிடக்கூடும் என்பதால், அதை உச்சரிப்புத் தேர்வாகக் கொள்ள வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் குழு தொடங்குவதைவிட பிராட்காஸ்ட் பட்டியல் நல்லது. உங்கள் எண்ணைச் சேமித்திருக்கும் பெற்றோருக்கு மட்டுமே செய்தி போகும்; பதில் உங்களுக்குத் தனியாக வரும்; ஒரு வீட்டின் எண் இன்னொரு வீட்டுக்குத் தெரியாது. பெண் பிள்ளைகளின் பெற்றோர் பலருக்கு இது பெரிய கவலை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தைகளாகவே கருதுகிறது. ஆகவே தலைமையாசிரியரின் அனுமதியையும் பெற்றோரின் ஒப்புதலையும் எழுத்தில் பெற்றுக்கொண்டு தொடங்குங்கள். கைப்பேசி இல்லாத பிள்ளைகளைப் பள்ளியிலேயே உங்கள் கருவியில் பதிவு செய்யவையுங்கள். ஆனால் அவர்களைத் தனி வரிசையாகப் பிரிக்காமல், கைப்பேசி உள்ள நண்பரோடு இணைத்து இருவர் உரையாடலாகச் செய்யச் சொன்னால் குறை தெரியாது.

உள்ளடக்கத்துக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. பாடநூலில் உள்ள கியூஆர் குறியீடுகளை, மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான தீக்ஷாவின் வழியே திறக்கலாம். சிறுவர் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற கதைத் தளத்தில் ஒரே கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது; உங்கள் வகுப்புக்கு அதன் இரண்டாம் நிலைக் கதைகள் சரியாக இருக்கும். பிபிசியின் ஆறு நிமிட ஆங்கிலத் தொடர் சிறப்பானது என்றாலும் இவர்களுக்குக் கடினம். அதை உங்கள் சொந்தப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாட்ஜிபிடி போன்றவற்றை மாணவர் கையில் கொடுக்காமல், காட்சிக்கேற்ற எளிய உரையாடல்களை நீங்கள் தயாரிப்பதற்குப் பயன்படுத்தி, வகுப்புக்குக் கொண்டுபோகுமுன் வரிக்கு வரி சரிபாருங்கள்.

முதல் மாதத்தில் சிலரிடமிருந்து பத்து விநாடிப் பதிவுதான் வரும். அதையும் ஏற்றுக்கொண்டு பதில் அனுப்புங்கள். நன்றாகப் பேசிய பதிவாக இருந்தாலும், அந்த மாணவரின் சம்மதம் இல்லாமல் வகுப்பில் போட்டுக் காட்ட வேண்டாம்.