கியூஜிஐஎஸ் படிக்க எங்கிருந்து தொடங்குவது? எங்கள் ஊராட்சிக் கிணறுகளை வரைபடத்தில் போட முடியுமா?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஊர், கல்லூரி ப்ராஜெக்டுக்கு ஊராட்சியின் கிணறு, குளம், தோப்பு எல்லாம் மேப்பில் போட வேண்டும், மடிக்கணினி பழசு, மென்பொருள் வாங்கக் காசில்லை, கோடிங் தெரியாது என்று கேட்டிருக்கிறீர்கள். நாலைந்து யூடியூப் வீடியோ பார்த்து ஏற்கெனவே குழம்பியும் இருப்பீர்கள். கோடிங் தேவையே இல்லை. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் முழுக்க இலவசம். 2002-இல் கேரி ஷெர்மன் தொடங்கியது. இன்று உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து வளர்க்கிறார்கள். 'மாணவர் பதிப்பு', 'முழுப் பதிப்பு' என்ற பிரிவெல்லாம் கிடையாது. இதற்கு யாராவது 'சாப்ட்வேர் கட்டணம்' கேட்டால் கொடுக்காதீர்கள். பயிற்சிக்குக் கட்டணம் வாங்குவது வேறு, அது நியாயம். இலவசமாக இறக்கிக்கொள்ளும் ஒன்றைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துக் காசு வாங்குகிறவர்களை நம் பக்கத்திலேயே பார்த்திருக்கிறேன். அது எனக்கு ஆறாத கோபம்.

பதிவிறக்கும்போது இரண்டு பதிப்புகள் இருக்கும். புதியதை விட்டுவிட்டு 'லாங் டெர்ம்' என்று போட்டிருப்பதை எடுங்கள். அதில் புது வசதி குறைவு, தொந்தரவும் குறைவு. கோப்பு ஒரு ஜிபிக்கு மேல் வரும். நன்கொடை கேட்கும் பக்கம் வந்தால் தாண்டிப் போகலாம். விண்டோஸ் 64 பிட்டாக இருக்க வேண்டும். 4 ஜிபி ராமிலும் ஓடும், 8 இருந்தால் நிம்மதி.

திறந்ததும் இடப்பக்க பிரவுசர் பட்டியலில் 'எக்ஸ்ஒய்இஸட் டைல்ஸ்' என்பதன் கீழே ஓபன்ஸ்ட்ரீட்மேப் இருக்கும். இரட்டைச் சொடுக்கு போட்டால் உலக வரைபடம் வந்துவிடும். இதுவரை எல்லோருக்கும் சரியாகவே வரும். தகராறு இனிமேல்தான், அதுவும் அநேகமாக ஒரே இடத்தில்: சிஆர்எஸ், அதாவது ஆயத்தொலைவு முறை. வீடியோக்களில் இதை அரை நிமிடத்தில் தாண்டிவிடுகிறார்கள். நான் இதிலேயே கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன்.

ஒவ்வொரு லேயருக்கும் (கிணறு ஒன்று, தோப்பு ஒன்று என்று வரைபடத்தின் ஓர் அடுக்கு) தனி சிஆர்எஸ் உண்டு, ப்ராஜெக்டுக்கு ஒன்று உண்டு. வேறு வேறாக இருந்தாலும் கியூஜிஐஎஸ் தானே மாற்றி ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் காட்டிவிடும். அதனால் பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும், கணக்கு மட்டும் தப்பும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை முதலில் போட்டால் ப்ராஜெக்ட் ஈபிஎஸ்ஜி 3857-க்குப் போய்விடும் (ஈபிஎஸ்ஜி என்பது ஒவ்வொரு சிஆர்எஸ்ஸுக்கும் உள்ள எண்). வலது கீழ் மூலையில் அந்த எண் தெரியும். அது திரையில் காட்டுவதற்கான முறை, அளப்பதற்கானது அல்ல. நம் அட்சரேகையில் அந்தத் தளத்தில் நேரடியாகப் பரப்பளவு எடுத்தால் ஒரு ஏக்கர் தோப்பு, 100 சென்டுக்குப் பதில் ஏறக்குறைய 104 சென்டாக வரும். ஜிபிஎஸ் தரும் டிகிரி முறை 4326. அதில் 100 என்று பஃபர் (ஒன்றைச் சுற்றி இவ்வளவு தூரம் என்ற வட்டம்) போட்டால் 100 மீட்டர் அல்ல, 100 டிகிரி.

அளப்பதற்கு மீட்டரில் கணக்கிடும் யூடிஎம் முறை வேண்டும், அது உலகை மண்டலங்களாகப் பிரிக்கிறது. பாலக்காடு மாவட்டம் முழுக்க யூடிஎம் 43 வடக்கு மண்டலம், எண் 32643. கோயம்புத்தூர், பொள்ளாச்சிக்கும் அதேதான். 78 டிகிரி தீர்க்கரேகையைத் தாண்டினால் 44 வந்துவிடும்; இதைப் படிக்கிற ஆந்திரத்துக் குப்பம், சித்தூர், நகரிக்காரர்கள் 32644 போட வேண்டும். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவையும் ஆந்திரச் சித்தூரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம், இரண்டும் வேறு வேறு மண்டலம்.

மாற்றும் முறையிலும் ஒரு குழி இருக்கிறது. லேயரை வலச்சொடுக்கி 'செட் லேயர் சிஆர்எஸ்' கொடுத்தால் எண்கள் மாறாது, மேலே ஒட்டிய சீட்டு மட்டும் மாறும். லேயர் கண்ணுக்கெட்டாத இடத்துக்குப் போய்விடும். 'எக்ஸ்போர்ட்', 'சேவ் ஃபீச்சர்ஸ் ஆஸ்' போய், 32643 தேர்ந்து, புதுக் கோப்பாகச் சேமியுங்கள். அதுதான் உண்மையான மாற்றம்.

இப்போது உங்கள் கிணறுகள். எக்செலில் ஒரு கிணற்றுக்கு ஒரு வரி: எண், பெயர், வகை, ஆழம், அட்சரேகை, தீர்க்கரேகை. ஆழத்தில் '45 அடி' என்று எழுதாதீர்கள், 45 மட்டும். அடி என்பதைத் தலைப்பில் வையுங்கள். ஒரே ஒரு வரியில் 'அடி' நுழைந்தாலும் அந்தப் பத்தி முழுவதும் எழுத்து வகையாகிவிடும், பிறகு ஆழத்தைப் பொறுத்து நிறம் பிரிக்க முடியாது. சேமிக்கும்போது 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள் (சிஎஸ்வி என்பது கமாவால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு). வெறும் சிஎஸ்வியில் தமிழ்ப் பெயர்களெல்லாம் கேள்விக்குறிகளாக மாறும். மாறிய பிறகு மீட்க வழியில்லை.

உள்ளே கொண்டுவர: லேயர், ஆட் லேயர், ஆட் டிலிமிட்டட் டெக்ஸ்ட் லேயர். எக்ஸ் என்ற இடத்தில் தீர்க்கரேகை, ஒய்யில் அட்சரேகை. செல்பேசி அட்சரேகையை முதலில் காட்டுவதால் பலர் மாற்றிப் போடுகிறார்கள். நம் எல்லைப்புற ஊர்களுக்கு 76 முதல் 80 வரை வரும் எண் எக்ஸ் என்று நினைவில் வையுங்கள். மாற்றிப் போட்டால் கொழிஞ்சாம்பாறைக் கிணறு நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்டு தீவுக்குப் பக்கத்துக் கடலில் போய் விழும். அது பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். தெரியாமல் ஏமாற்றுவது டிகிரி, நிமிடம், நொடி. 10 டிகிரி 44 நிமிடம் 30 நொடி என்பதை 10.4430 என்று எழுதினால் கிணறு சுமார் 33 கிலோமீட்டர் தெற்கே பறம்பிக்குளம் காட்டுப் பக்கம் போகும். நிமிடத்தை 60-ஆலும் நொடியை 3600-ஆலும் வகுத்துக் கூட்டினால் 10.74167. அதுதான் சரி. தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கமாவது வேண்டும். ஐந்தாவது இலக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர். தென்னந்தோப்புக்குள் செல்பேசி ஜிபிஎஸ் தடுமாறும். துல்லிய அளவு நிலையாகும்வரை கிணற்றடியில் நின்று, பிறகு குறியுங்கள்.

சேமிக்கும் வடிவம் ஜியோபேக்கேஜ், எல்லாம் ஒரே கோப்பில் அடங்கும். பழைய வடிவமான ஷேப்ஃபைல் வேண்டாம். ஷேப்ஃபைல் என்பது ஒரே கோப்பல்ல, நாலைந்து. ஒன்றை மறந்து அனுப்பினால் சிஆர்எஸ்ஸோ விவரப் பட்டியலோ காணாமல் போகும். பத்தித் தலைப்பும் 10 பைட்டுக்குள் அடங்க வேண்டும், தமிழில் ஒரு குறியீடே 3 பைட் என்பதால் மூன்று குறியீட்டோடு முடிந்துவிடும். "எங்கள் அலுவலகத்தில் இன்னும் ஷேப்ஃபைல்தான் கேட்கிறார்கள்" என்பவர்கள், கடைசியில் ஒரு பிரதி அப்படி எடுத்துக் கொடுங்கள்.

தோப்புகளை வரையும்போது ஸ்னாப்பிங்கை (முனைகள் தானே ஒட்டிக்கொள்ளும் வசதி) இயக்கிவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு தோப்புக்கு நடுவே மயிரிழை இடைவெளி விழும். வரைந்த பின் ஃபீல்டு கால்குலேட்டரில் டாலர் குறி போட்டு 'ஏரியா' என்று ஆங்கிலத்தில் எழுதி 40.4686-ஆல் வகுத்தால் சென்ட் கிடைக்கும். முன்னதாக ப்ராஜெக்ட் அமைப்பில் எலிப்ஸாய்டு (கணக்குக்கு எடுக்கும் பூமியின் வடிவம்) டபிள்யூஜிஎஸ் 84 என்றும், அளவை அலகு சதுர மீட்டர் என்றும் இருக்கிறதா பாருங்கள். லேயர் பெயருக்குப் பக்கத்தில் சின்ன சிப் படம் தெரிந்தால் அது தற்காலிக லேயர். மூடினால் போயே போய்விடும். ப்ராஜெக்ட் கோப்பில் தரவு இருக்காது, தரவு எங்கே என்ற வழி மட்டும்தான் இருக்கும். பென்டிரைவில் கொண்டுபோவதானால் மொத்த ஃபோல்டரையும் கொண்டுபோங்கள்.

கிராம வரைபடத்தின் ஸ்கேன் கிடைத்தால் ஜியோரெஃபரன்சரில் (ஸ்கேனில் உள்ள புள்ளிகளை உண்மை இடத்தோடு இணைக்கும் கருவி) பொருத்தலாம். 'பாலினோமியல் 1' என்ற எளிய பொருத்தும் முறைக்கு மூன்று புள்ளியே போதும்தான், ஆனால் ஆறு புள்ளியாவது வையுங்கள், நாலு மூலைக்கும் பரப்பி. சாலைச் சந்திப்பு, கோயில், குளத்துக் கரை முனை நல்ல புள்ளிகள், ஆற்றங்கரை மாறிவிடும். பிழை அதிகம் காட்டுகிறது என்று 'தின் பிளேட் ஸ்ப்லைன்'-க்குத் தாவாதீர்கள். அது புள்ளிகளில் பிழையைப் பூஜ்யமாக்கிவிட்டு, நடுவில் படத்தை இழுத்துக் கோணலாக்கும். ஸ்கேனை வாட்ஸ்அப்பில் படமாக வாங்காதீர்கள், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். சுருங்கிய படத்தில் சர்வே எண்ணில் 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாது.

சர்வே வேலையில் இருப்பவர்கள் "டோட்டல் ஸ்டேஷன் (நில அளவைக் கருவி) இல்லாமல் என்ன அளவு" என்று வருவார்கள். சரிதான், இது வரப்புத் தகராறுக்கு ஆதாரமாகாது. அப்படி நான் சொல்லவும் இல்லை. எந்தப் பக்கம் போர்க் குழாய்கள் நெருக்கமாக இருக்கின்றன, எந்தக் குளம் தூர்ந்துவிட்டது என்று பார்க்க இது தாராளம்.

கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஆழியாறு ஆனைமலையில் பிறந்து எல்லை தாண்டிச் சித்தூர்ப் புழையாக ஓடுகிறது. தண்ணீருக்கு எல்லை இல்லை, தரவுக்கு இருக்கிறது. எந்த லேயரை இறக்கினாலும் கோபாலபுரம் செக்போஸ்ட்டில் வெட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் ஒரு பட்டியல், இந்தப் பக்கம் மறுசர்வேயின் பிளாக் எண்ணோடு வேறொரு பட்டியல். எல்லையில் இருக்கும் நாம் மட்டும் இரண்டையும் உட்கார்ந்து ஒட்ட வேண்டியிருக்கிறது. ஒட்டும்போது ஊர்ப் பெயரை நம்பி இணைக்காதீர்கள், எழுத்து ஒத்துப்போகாது. உள்ளாட்சிக் குறியீட்டு எண்ணை வைத்து இணையுங்கள். ஒன்றில் எண்ணாகவும் மற்றதில் எழுத்தாகவும் இருந்தால் இணையாது, முதலில் ஒரே வகைக்கு மாற்றுங்கள். பிறகு வடிவப் பிழைகளைத் திருத்தும் 'ஃபிக்ஸ் ஜியோமெட்ரீஸ்', அதன் பின் லேயர்களை ஒன்றாக்கும் 'மெர்ஜ்'. உயரத் தரவில் இந்த வெட்டு இல்லை: 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து எடுத்த 30 மீட்டர் தரவு இரு பக்கமும் கிடைக்கும். மரங்களின் உயரமும் அதில் கலந்திருக்கும், தோப்பு நிறைந்த இடத்தில் சின்ன வாய்க்காலை அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

அச்சுக்குப் போகும்போது லேபிளுக்கு நிர்மலா அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு வையுங்கள். எழுத்து இடைவெளியைப் பூஜ்யத்தில் விடுங்கள், இல்லையேல் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். பிடிஎஃப் ஏற்றுமதியில் 'டெக்ஸ்ட் ஆஸ் பாத்ஸ்' தேர்ந்தால் கல்லூரிக் கணினியிலும் தமிழ் உடையாது.

எங்காவது மாட்டிக்கொண்டால் கீழே எழுதுங்கள்: பதிப்பு எண், லேயரின் ஈபிஎஸ்ஜி எண், சிஎஸ்வியின் முதல் இரண்டு வரிகள். 'மேப் வரவில்லை' என்று மட்டும் எழுதினால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.