அதிகம் பேசப்படாத ஜெர்மானியப் பியானோ கலைஞர்களில் யாருடைய பழைய பதிவுகளின் மறுவெளியீடுகளைக் கேட்கலாம், எதிலிருந்து தொடங்கலாம்?

பீட்டர் ரோஸல் என்பதே என் பதில். முதலில் கேட்க வேண்டியவை பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானிய இசையமைப்பாளர் பிராம்ஸின் தனிப் பியானோ படைப்புகளை அவர் வாசித்த பதிவுகள்.

ரோஸல் 1945 பிப்ரவரி 2 அன்று டிரெஸ்டனில் பிறந்தார். அவர் கைக்குழந்தையாக இருந்த அதே மாதத்தின் நடுவில்தான் அந்த நகரம் குண்டுவீச்சில் எரிந்தது. மாஸ்கோ இசைக்கல்லூரியில் டிமித்ரி பாஷ்கிரோவிடமும், 1927இல் முதல் ஷோபான் பியானோ போட்டியை வென்ற லெவ் ஓபோரினிடமும் பயின்றார். இப்படிப்பட்ட பயிற்சி பெற்றவரின் பெயர் பரவலாகத் தெரியாமல் போனதற்கு, கிழக்கு ஜெர்மனியின் அரசு இசைத்தட்டு நிறுவனம் எடெர்னா என்ற பெயரில் அவருடைய பதிவுகளை வெளியிட்டு வந்ததும், மேற்கத்தியப் பெருநிறுவனங்களின் விளம்பர பலம் அவருக்குக் கிடைக்காததும் முக்கியக் காரணங்கள் என்று கருதுகிறேன். இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு பெர்லின் கிளாசிக்ஸ் என்ற இசை வெளியீட்டு நிறுவனம் அந்தப் பதிவுகளைக் குறுந்தகடுகளாக மீண்டும் கொண்டுவந்தது. இன்று அவற்றை நாம் கேட்க முடிவது அதனால்தான்.

அவருடைய வாசிப்பின் இயல்பை உணர, பிராம்ஸ் 1893இல் முடித்து தோழியும் பியானோ கலைஞருமான கிளாரா ஷூமனுக்குக் காணிக்கையாக்கிய ஓபஸ் 118 என்ற எண்ணிட்ட தொகுப்பின் இரண்டாவது உருப்படியைக் கேளுங்கள். ஏ மேஜர் என்ற சுருதியில் அமைந்த அந்த இன்டர்மெட்சோவின் (சிறு பியானோ படைப்பின்) நடுப்பகுதியில் வேகம் தணிந்து, எஃப் ஷார்ப் மேஜரில் தேவாலயப் பாடலைப் போன்ற சில அடிகள் வரும். அங்கே மேல்குரலில், அதாவது பியானோவில் சேர்ந்து ஒலிக்கும் மெட்டுவரிசைகளில் மேலே இருப்பதில், தொடங்கும் மெட்டை உள்ளிருந்து இன்னொரு குரல் சற்றுப் பிந்தித் தொடர்கிறது. பல வாசிப்புகளில் மேல்குரல் மட்டுமே காதில் விழும்; இல்லையென்றால் பின்தொடரும் குரலை நமக்குச் சுட்டிக்காட்டும் விதமாகக் கலைஞர் அதை அழுத்தி வாசிப்பார். ரோஸல் இரண்டையும் செய்வதில்லை. இரு குரல்களும் சம உரிமையோடு ஒலிக்கின்றன. எதைக் கேட்பது என்பதை அவர் நம் செவிக்கே விட்டுவிடுகிறார். மெட்டின் உச்சத்தில் சற்று நின்று நெகிழ்ச்சியைக் கூட்டும் பழக்கமும் அவரிடம் இல்லை. உணர்ச்சி குறைவு என்று சிலர் இதைச் சொல்லக்கூடும். என்னைப் பொறுத்தவரை, பிராம்ஸின் கடைசிக்காலப் படைப்புகளில் உள்ள துயரம் இப்படி அடக்கி வாசிக்கும்போதுதான் முழுமையாக வெளிப்படுகிறது.

குர்ட் சாண்டர்லிங் நடத்திய பெர்லின் சிம்பொனி இசைக்குழுவோடு ரோஸல் பதிவு செய்த, ரஷ்ய இசையமைப்பாளர் ரஹ்மானினாஃபின் பியானோ கான்செர்ட்டோக்களை (தனிப் பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகளை) அடுத்து கேட்கலாம். நாஜி ஆட்சியிலிருந்து தப்பி சோவியத் ஒன்றியத்துக்குச் சென்ற சாண்டர்லிங், லெனின்கிராட் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவில் இரண்டு பத்தாண்டுகளுக்கு நெருக்கமாகப் பணியாற்றியவர். ரஷ்ய இசை அவருக்குப் புத்தகம் வழியாக வந்ததன்று. இரண்டாவது கான்செர்ட்டோவின் தொடக்கத்தில் பியானோ தனியே எழுப்பும் கனத்த கூட்டுச்சுரங்கள் முடிந்ததும், முதன்மை மெட்டு தந்திக்கருவிகளிடம் போய்விடுகிறது. பியானோவுக்கு மிஞ்சுவது ஏறி இறங்கும் துணைச்சுரங்களே. புகழ்பெற்ற தனிக்கலைஞர்கள் பலருக்கு அந்த இடத்தில் பின்னால் ஒதுங்கி நிற்க மனம் வருவதில்லை. ரோஸல் மனமுவந்து ஒதுங்குகிறார். அதனால் தந்திகளின் அந்த நீண்ட மூச்சு நமக்கு முழுதாகக் கிடைக்கிறது. புகழ்பெற்ற பியானோ கலைஞர் ஹொரோவிட்ஸின் மின்னல் வேகத்தை எதிர்பார்த்து மூன்றாவது கான்செர்ட்டோவுக்குப் போகிறவர்கள் மட்டும் ஏமாறலாம்.

ஹெர்பெர்ட் ப்ளூம்ஸ்டெட் நடத்திய டிரெஸ்டன் இசைக்குழுவோடு ரோஸல் வாசித்த, ஜெர்மானிய இசையமைப்பாளர் வெபரின் கான்செர்ட்டோக்கள் துள்ளலும் தெளிவும் நிறைந்தவை. அதிகம் கேட்கப்படாத படைப்புகள் என்பதால் அவற்றையும் விட்டுவிடாதீர்கள். அறுபது வயதைக் கடந்தபின் டோக்கியோவின் கியோய் அரங்கில் பீத்தோவனின் 32 பியானோ சொனாட்டாக்களையும் (பல பகுதிகள் கொண்ட தனிப் பியானோ படைப்புகளையும்) அவர் வாசித்துப் பதிவு செய்தார். அவை மறுவெளியீடுகள் அல்ல, புதிய பதிவுகள். ஆனால் பிராம்ஸில் காதுக்குப் பழகிய அந்த உட்குரல்களின் தெளிவு பீத்தோவனின் கடைசி சொனாட்டாக்களிலும் அப்படியே இருப்பதால், பிராம்ஸுக்குப் பிறகு அவற்றைக் கேட்பதே நல்லது.