மெஸ்ஸோ-சொப்ரானோ தனியாகப் பாடும் ஆப்பரா (மேற்கத்திய இசை நாடகம்) பாடலில் எதைக் கவனித்துக் கேட்பது?

மெஸ்ஸோ என்பது, பெண் குரல்களில் மிக உச்சமான சொப்ரானோவுக்குச் சற்றுக் கீழே நிற்கும் குரல். உச்சத்தைவிட நடு ஸ்தாயியின் அடர்த்திதான் அதன் அழகு.

ஒரே ஒரு பதிவில் தொடங்குங்கள்: ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹென்றி பர்செல்லின் ‘டைடோ அண்ட் ஏனியஸ்’ ஆப்பராவில், சாகப்போகும் ராணி டைடோ பாடும் புலம்பல். மெஸ்ஸோ பாடகி ஜேனட் பேக்கர் பாடி 1961-இல் பதிவானது.

முதல் தடவை குரலை விட்டுவிட்டு, அடியில் போகும் பேஸ் (கீழ் ஸ்தாயி) மெட்டை மட்டும் கேளுங்கள். அரை அரைச் சுரமாகப் படியிறங்கும். முடிந்ததும் திரும்ப அதே மெட்டு, கடைசிவரை. பாடும் வரிகளோ அந்தச் சுற்றோடு சேர்ந்து முடியாமல் தாண்டிப் போகும். விதி ஒரு பக்கம் இழுக்க, அவள் இன்னும் பேச நினைப்பது போல இருக்கும்.

அப்புறம் ‘ரிமெம்பர் மீ’ (என்னை நினைத்துக்கொள்) வரும் இடம். முதலில் ஒரே சுரத்தில், யாரையோ மெல்லக் கூப்பிடுவது போல. பின்னால் அதே சொற்கள் மேலே ஏறும்போது பேக்கர் கத்துவதில்லை. குரல் திறக்கிறது, அவ்வளவுதான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்வது அங்கேதான்.

பாட்டு முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். அவள் ஓய்ந்த பிறகு வயலின்களும் அதேபோல் படியிறங்கும்.