65 அங்குலமா, 55 போதுமா?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. 900 வெள்ளிக்குள் 65 அங்குல டிவி வாங்கலாம் என்கிறார் கணவர், எனக்கு 55 போதும் என்று தோன்றுகிறது. யார் சொல்வது சரி?

பதில்: சோபாவில் உட்கார்ந்தபடி கண்ணிலிருந்து டிவி வைக்கப்போகும் இடம்வரை அளந்து பாருங்கள். இரண்டரை மீட்டர் இருந்தால் நான் கணவர் கட்சி, இரண்டுக்குப் பக்கம் என்றால் உங்கள் கட்சி. கடையில் பளீரென்று ஓடும் 4கே படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், நம் தமிழ் ஒளிவழி வசந்தம் அதைவிடக் குறைந்த எச்டி தரத்தில்தான் வருகிறது, திரை பெரிதாகப் பெரிதாகப் படத்தின் குறையும் பெரிதாகத் தெரியும்.

அப்புறம், 65 என்பது மூலைக்கு மூலை. அகலம் மட்டும் ஏறக்குறைய 145 சென்டிமீட்டர், கால்கள் இரண்டும் ஓரத்தில் இருக்கும் மாடல்கள் நிறைய. அதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு, ஒரு கால் மேசைக்கு வெளியே அந்தரத்தில் நிற்க, ஒரு வாரம் டிவியைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தவன் நான் (மனைவி இன்னும் சொல்லிக்காட்டுகிறார்). புது மேசைக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மின்சிக்கன வில்லையில் எத்தனை டிக் என்றும் பாருங்கள், டிக் கூடினால் மின்சாரம் மிச்சம். வீட்டுக்கு வந்ததும் படத்தை 'சினிமா' முறைக்கு மாற்றுங்கள், கண் கூசாது.