டாக்டர் பதில்கள்: சர்ஜனின் அலுப்பு

கேள்வி: என் கணவர் அரசு மருத்துவமனையில் சர்ஜன். வீட்டுக்கு வந்தால் வாயே திறப்பதில்லை. ஆபரேஷன்கள் அதிகமானதாலா?
- ஒரு வாசகி, தேனி

பதில்: 26 வருடமாகக் குடல்வால், பித்தப்பை என்று வெட்டித் தைக்கிறேன் அம்மா, ஆபரேஷன் எனக்கு அலுத்ததே இல்லை. அலுக்க வைத்தது வேறு. இரவு 2 மணிக்குக் குடல் ஓட்டை கேஸ், காலை 8 மணிக்கு மறுபடி ஓ.பி., நடுவில் காப்பீட்டுப் படிவங்கள். அப்புறம், குடலில் போட்ட தையல் விட்டு இறந்துபோன ஒருவரின் முகம். அதை யாரிடமும் நான் சொன்னதில்லை. சர்ஜன் கலங்கக் கூடாதாம்! வேலை அழுத்தத்தால் வரும் இந்த அலுப்புக்கு 'பர்ன்அவுட்' என்று பெயர். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதை நோய் என்று சொல்லாமல், வேலை சார்ந்த நிலை என்றே வகைப்படுத்தியது. ஆக, யோகா மட்டும் போதாது, டியூட்டிப் பட்டியலும் மாற வேண்டும். "இன்று என்ன கேஸ்?" என்று கேட்டுப் பாருங்கள். தூக்கமும் கெட்டிருந்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.